ராமேஸ்வரம் டி-ஷர்ட்டை யார் வரைவது?

ராமேஸ்வரம் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கும் அக்னி தீர்த்தக் கரைக்கும் இடையிலுள்ள கடைகளில் சங்கு, சோழி, சிப்பி மாலை, கருப்பட்டி, பனையோலைப் பெட்டி என்று இந்த மண்ணின் பெயரைச் சொல்லும் பொருள்கள் குவிந்திருக்கும். டி-ஷர்ட்டும் தொங்கும். ஆனால் அதில் பெரும்பாலும் இருப்பது ஒரு தென்னை மரமும் அஸ்தமனச் சூரியனும்தான். கீழே ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினால் அதையே கோவாவிலும் விற்கலாம், கோவளத்திலும் விற்கலாம். ராமநாதபுரம் கடற்கரை பனைமரக் கடற்கரை என்பது அதை வரைந்தவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இந்த ஊரின் சட்டையை இந்த ஊர்க்காரர்களே வரைந்து, அச்சடித்து, விற்க முடியாதா? முடியும், அதுவும் ஒரு ரூபாய் முதலீடு இல்லாமல் முடியும் என்று சொல்கின்றன இணையத்தில் இயங்கும் அச்சுச் சேவை நிறுவனங்கள். அந்த வாக்குறுதியில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் இறங்கினால் உழைப்பும் விளம்பரக் காசும் வீணாகும். இந்தச் சேவைகள் ஒரு டிசைனைச் சோதித்துப் பார்க்க அருமையான களம், அதையே முழுத் தொழிலாக நம்பினால் கையைக் கடிக்கும் என்பதே என் கட்சி.

முதலில் இது நடக்கும் விதம். ஆர்டர் வந்த பிறகு அச்சடிப்பது என்ற முறை புதிதல்ல. அமெரிக்காவில் கஃபேபிரஸ் 1999-லேயே இதைத் தொடங்கியது. பிறகு ஜெர்மனியில் ஸ்பிரெட்ஷர்ட், ஆஸ்திரேலியாவில் ரெட்பபிள், லாட்வியாவில் வேரூன்றிய பிரிண்ட்ஃபுல் என்று வரிசையாக வந்தன. இந்தியாவில் இதற்கு வெகுதூரம் தேட வேண்டியதில்லை. திருப்பூரில் குவிகிங்க், சென்னையில் பிரிண்ட்ரோவ் எனத் தமிழ்நாட்டிலேயே இருக்கின்றன. நீங்கள் ஒரு படத்தை வரைந்து அவர்களுடைய தளத்தில் ஏற்றுகிறீர்கள். எந்தச் சட்டை, என்ன நிறம், மார்பிலா முதுகிலா என்று தேர்ந்தெடுத்ததும், அந்தச் சட்டையை ஒருவர் அணிந்திருப்பது போன்ற மாதிரிப் படத்தைத் தளமே உருவாக்கித் தருகிறது. அதை உங்கள் இணையக் கடையிலோ இன்ஸ்டாகிராமிலோ போடுகிறீர்கள். மதுரையில் ஒருவர் வாங்கினால் ஆர்டர் நேராகத் திருப்பூருக்குப் போகும். அங்கே ஒரே ஒரு சட்டை அச்சாகி, உங்கள் கடைப் பெயர் தாங்கிய உறையில் மதுரைக்குக் கிளம்பும். விற்ற விலைக்கும் அவர்கள் வாங்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கு. சரக்கு வாங்கிக் குவிக்க வேண்டாம், கடை வாடகை வேண்டாம், அளவு தெரியாமல் எக்ஸ்எல் தேங்கிப்போகும் கவலையும் வேண்டாம்.

இத்தனை சுலபமாக இருப்பதுதான் இதிலுள்ள முதல் சிக்கல். உங்களுக்குச் சுலபமாகத் திறக்கும் கதவு எல்லோருக்கும் அப்படியே திறக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இந்த எண்கள் உதாரணத்துக்கு வைத்துக்கொண்டவை, நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். விற்பனை விலை 499 ரூபாய். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையுள்ள ஆடைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அது போனால் மீதி ஏறக்குறைய 475. சட்டையும் அச்சும் சேர்த்து 250, கூரியர் 70, பணம் வாங்கித் தரும் சேவைக்கு 12 என்று வைத்தால் கையில் நிற்பது 143 ரூபாய். மோசமில்லையே என்று தோன்றும். ஆனால் உங்கள் கடை இருப்பது யாருக்குத் தெரியும்? முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் விளம்பரம் கொடுத்து, ஓர் ஆர்டர் பிடிக்க 100 ரூபாய் ஆகிறது என்று வைப்போம். பத்து ஆர்டரில் ஒன்று, பொருள் வந்ததும் பணம் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறக்காதவருடையது என்றும் வைப்போம். அந்தச் சட்டை போகக் கூரியர், வரக் கூரியர், அச்சுக்கூலி எல்லாம் சேர்த்து 390 ரூபாய் நஷ்டம். ஒன்பது சட்டையில் வந்த 1,287 ரூபாயிலிருந்து விளம்பரத்துக்கு 1,000, திரும்பி வந்ததற்கு 390 கழித்தால் பத்து ஆர்டருக்கும் சேர்த்து 103 ரூபாய் கைநஷ்டம். முதலீடு இல்லாத தொழிலில் முதலுக்கே மோசம் வருவது இப்படித்தான். விளம்பரச் செலவு இல்லாமல் வாங்குபவரைக் கண்டுபிடித்தால் மட்டுமே இந்தக் கணக்கு நிமிரும்.

நல்ல வாசகம் ஒன்று கிடைத்துவிட்டால் விளம்பரமே தேவையில்லை, அதுவே பரவிவிடும் என்று சிலர் வாதிடுவார்கள். அதற்கும் நம்மிடம் பெரிய சாட்சி இருக்கிறது. 2020 செப்டம்பரில் யுவன் ஷங்கர் ராஜாவும் நடிகர் மெட்ரோ சிரிஷும் வெளியிட்ட ஒரு படத்தில், சிரிஷ் ‘ஹிந்தி தெரியாது போடா’ என்ற டி-ஷர்ட்டை அணிந்திருந்தார். சில நாட்களிலேயே அது தமிழ்நாடு முழுக்கப் பரவியது, திருப்பூரில் ஆர்டர்கள் குவிந்தன. ஆனால் அந்த வாசகத்தை யார் வேண்டுமானாலும் அச்சடிக்க முடிந்தது, அச்சடிக்கவும் செய்தார்கள். கறுப்பு பனியன் கையிருப்பும் அச்சு மேசையும் வைத்திருந்தவர்கள் அந்த வாரத்தை அறுவடை செய்தார்கள். வீட்டில் மடிக்கணினியோடு உட்கார்ந்து அதே வாசகத்தைப் பத்தாவது நாளில் தளத்தில் ஏற்றியவருக்கு மிஞ்சியிருக்கக்கூடியது கொஞ்சம்தான். ஊரெல்லாம் பேசுகிற விஷயத்தை விற்பதில் வேகமும் கையிருப்பும் உள்ளவரே ஜெயிப்பார். ராமநாதபுரத்துக்காரருக்கு அந்தப் பந்தயத்தில் தனிச் சலுகை எதுவும் கிடையாது.

இதற்கு எதிர்த் திசையில் ஓர் உதாரணம். டீஸ்பிரிங் என்ற நிறுவனம் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக மாணவர்கள் இருவரால் 2011-ஐ ஒட்டித் தொடங்கப்பட்டது. தங்கள் கல்லூரிப் பக்கமிருந்த ஒரு மதுக்கூடம் மூடப்பட்டபோது, அதன் நினைவாக ஒரு டி-ஷர்ட் வரைந்து, போதிய பேர் பணம் கட்டினால் மட்டும் அச்சடிப்பது என்று ஓர் இணையப் பக்கம் போட்டார்கள். சில நூறு சட்டைகள் உடனே விற்றன. அந்த மதுக்கூடத்தை வெளியூரில் யாருக்கும் தெரியாது; தெரிந்தவர்கள் அத்தனை பேரும் அந்த ஒரே கல்லூரியைச் சுற்றி இருந்தார்கள். விளம்பரத்துக்குக் காசே தேவைப்படவில்லை. ராமநாதபுரக் கடற்கரைக்கு உதவக்கூடிய பாடம் இதில்தான் இருக்கிறது. ஊருக்கு வெளியே யாருக்கும் புரியாத அளவுக்கு ஊரைச் சேர்ந்ததாக இருக்கும் ஒன்றை, ஊரோடு தொடர்புள்ளவர்கள் தேடி வந்து வாங்குவார்கள்.

அப்படி இந்தக் கடற்கரையில் என்ன இருக்கிறது? வரையத் தொடங்கினால் தீராது. பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும், மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண்கடல் என்றும் இங்குள்ள மீனவர்கள் சொல்வார்கள். ஒன்று அடங்கிக் கிடக்கும், மற்றது குமுறும். தனுஷ்கோடி மணல்திட்டில் இரண்டையும் இருபுறமும் பார்க்கலாம். மார்பில் ஒரு கோடு, கோட்டுக்கு மேலே அமைதியான நீர், கீழே சுருண்டெழும் அலை, இரண்டு பெயர்கள், சட்டை தயார். அந்த மணல்திட்டின் முனையான அரிச்சல்முனைக்குப் போய் வந்தவர் எவரும் அதை ஒரு நொடியில் புரிந்துகொள்வார், வேறு ஊர் டிசைனருக்கு அது தோன்றவே தோன்றாது. 1914 பிப்ரவரியில் திறந்த பழைய பாம்பன் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நடுவிலிருந்த ஷெர்சர் தூக்குப் பாலத்தின் இரண்டு இறக்கைகளையும் தொழிலாளர்கள் கையால் நெம்பிச் சுழற்றித் திறந்தார்கள். கப்பல் வந்தபோதெல்லாம் இருபுறமும் மேலெழுந்து நின்ற அந்த இரும்புச் சட்டகம் ஒற்றை நிறக் கோட்டோவியத்துக்கென்றே பிறந்தது. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே செங்குத்தாக மேலே போகிறது. பழையது இறக்கை விரிப்பதையும் புதியது தளமாக எழும்புவதையும் முன்னும் பின்னுமாகப் போட்டால், அதை வாங்க, பாலத்தை ரசிக்கும் ரயில் பிரியர்கள் இந்தியா முழுக்க இருக்கிறார்கள்.

கோயிலும் பாலமும் எல்லோர் கண்ணிலும் படுபவை. படாதவையும் உண்டு. ராமநாதபுரம் அரண்மனையின் ராமலிங்க விலாசத்தில் சேதுபதி மன்னர்கள் காலத்துச் சுவரோவியங்கள் இருக்கின்றன. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தவை. தஞ்சை மராட்டியரோடு நடந்த போர், அரசவை, ஐரோப்பியர் வந்து மன்னரைச் சந்திப்பது என்று சுவர் முழுக்கக் கதை. யானையின் நெற்றிப்பட்டமும் வீரர்களின் தலைப்பாகையும் ஆடைக் கரைகளின் பூவேலையும் ஒவ்வொன்றும் தனித்தனி டிசைன். அந்த ஓவியர்களின் கோட்டைப் பார்த்துப் புதிதாக வரையலாம். முந்நூறு ஆண்டுப் பழமை என்பதால் காப்புரிமைத் தொல்லை கிடையாது. பாக் விரிகுடாவில் 2022 செப்டம்பரில் தமிழக அரசு கடற்பசுக் காப்பகம் அறிவித்தது. கடற்பசுவை இந்தக் கரையில் ஆவுளியா என்பார்கள்; அந்தப் பெயரும் உருவமும் சேர்ந்தால் ஒரு டிசைன். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் குண்டு மிளகாய் உருண்டு திரண்டு சிவந்து, சட்டைப் பை இருக்குமிடத்தில் வைப்பதற்கு ஏற்ற அளவில் இருக்கிறது. ஓர் இடத்தின் சின்னம் எவ்வளவு ஈட்டும் என்பதற்கு ஓர் உதாரணம்: நியூயார்க் மாநிலத்துக்காக மில்டன் கிளேசர் 1977-இல் வரைந்த மூன்று எழுத்தும் ஓர் இதயமும் கொண்ட சின்னம், இன்றைக்கும் அந்த மாநிலத்துக்கு உரிமத் தொகை ஈட்டித் தருகிறது. கிளேசர் அதைக் கட்டணம் வாங்காமல் வரைந்து கொடுத்தார் என்பது வேறு விஷயம். நம் ஊர்க்காரர்கள் அந்த அளவுக்குத் தாராளமாக இருக்க வேண்டியதில்லை.

புண்ணியத் தலத்துக்கு வருபவர் டி-ஷர்ட்டா வாங்குவார், சங்கும் தீர்த்தமும்தானே வாங்குவார் என்ற கேள்வி நியாயமானது. ராமேஸ்வரத்தின் வழக்கத்தைக் கொஞ்சம் கவனித்தால் விடை கிடைக்கும். கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் வாளி வாளியாக நீர் ஊற்றிக்கொண்டு தொப்பலாக நனைந்தவர்கள், மாற்றுடை உடுத்திய பிறகே சுவாமி தரிசனத்துக்குப் போகிறார்கள். உலர்ந்த துணிக்கு அங்கே தினமும் தேவை இருக்கிறது. இன்னொன்று, பெயர் பொறித்த பொருளுக்கு இங்கே பழைய மவுசு உண்டு. சிப்பியிலும் சங்கிலும் வாடிக்கையாளரின் பெயரை நின்ற இடத்திலேயே பொறித்துக் கொடுப்பது இந்தக் கடைத்தெருவுக்குப் பழகிய தொழில்தான். ஆர்டருக்குப் பின் அச்சடிக்கும் இணைய நிறுவனங்களுக்கு இந்த யோசனையில் இந்தக் கடைக்காரர்கள் மூத்தவர்கள். வடநாட்டிலிருந்து வரும் யாத்ரிகருக்குத் தமிழ் படிக்கத் தெரியாதே என்றால், தெரிய வேண்டியதில்லை. போன ஊரின் எழுத்து உடம்பில் இருப்பதே அவருக்கு நினைவுப் பொருள். ஜப்பானிய எழுத்துப் போட்ட பனியனை நம் பிள்ளைகள் படித்துப் பார்த்தா வாங்குகிறார்கள்?

யாத்ரிகரைவிட உறுதியான வாடிக்கையாளர்கள் இரண்டு வகை. ஒன்று, குழுக்கள். கபடிப் போட்டி, வடமாடு மஞ்சுவிரட்டு, கோயில் திருவிழா, பள்ளி முன்னாள் மாணவர் கூடுகை என்று எதுவாக இருந்தாலும் இன்றைக்கு ஒரே மாதிரி டி-ஷர்ட் இல்லாமல் நடப்பதில்லை. முப்பது சட்டை, ஐம்பது சட்டை என்று மொத்தமாக, முன்பணத்தோடு வரும் ஆர்டர்கள் அவை. கூரியர் திரும்பி வராது, விளம்பரச் செலவு கிடையாது. இன்னொன்று, வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி, தேவிபட்டினம் எனத் தெருவுக்குத் தெரு வளைகுடா நாடுகளிலும் மலேசியாவிலும் ஆள் இருக்கும் ஊர்கள் இந்த மாவட்டத்தில் நிறைய. இங்கிருந்து ஒற்றைச் சட்டையை அனுப்பினால் சட்டை விலையைவிடக் கூரியர் அதிகமாகிவிடும். அமெரிக்காவிலோ கனடாவிலோ ஐரோப்பாவிலோ இருப்பவருக்கு, அந்தந்தப் பகுதியிலேயே அச்சிடும் பிரிண்ட்ஃபுல் போன்ற சேவையில் படத்தை ஏற்றிவிட்டால் போதும். கடல் கடப்பது கோப்பு மட்டும். வளைகுடாவில் இருப்பவர்களுக்கு விடுமுறைதான் காலம். வந்து திரும்பும்போது பெட்டியில் நான்கு சட்டை வைக்க இடமிருக்கும்.

வரைவதற்கு வருவோம். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். தமிழ் எழுத்தை டிசைன் மென்பொருளில் போடும்போது, இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறிவிடும். ‘ராமேஸ்வரம்’ என்பதில் ‘மே’யின் இரட்டைக் கொம்பு மகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டும். அமைப்பு தவறினால் அது பின்னால் போய்த் தனியாகத் தொங்கும், அல்லது ஸகரத்தின் புள்ளி பிரிந்து விழும். அச்சகத்தில் இருப்பவர் தமிழ் தெரிந்தவராக இருந்தாலும், வந்த கோப்பை அப்படியே அச்சடிப்பதுதான் அவருடைய வேலை. ஆகவே எழுத்தைச் சரிபார்த்த பிறகு அதை வெறும் கோட்டுருவமாக மாற்றி அனுப்ப வேண்டும். அப்போது எந்தக் கணினியில் திறந்தாலும் குலையாது. எழுத்துருவும் சும்மா கிடைத்ததாக இருக்கக் கூடாது, வணிகத்துக்கு அனுமதி உள்ளதாக இருக்க வேண்டும். கவிவனார், மீரா இனிமை, கட்டமரான், முக்த மலர் போன்றவை கூகுள் எழுத்துருத் தொகுப்பில் திறந்த உரிமத்தோடு கிடைக்கின்றன. படம் 300 டிபிஐ தெளிவில், பின்னணி இல்லாத பிஎன்ஜி கோப்பாக இருப்பது பொதுவான எதிர்பார்ப்பு. திரையில் பளபளக்கும் பாம்பன் கடலின் நீலப்பச்சை, துணியில் அதே பளபளப்போடு வராது. திரையின் ஒளி நிறத்தை மை எட்டாது. முதலில் ஒரு மாதிரிச் சட்டையைக் காசு கொடுத்து வரவழைத்து, இரண்டு முறை துவைத்துப் பார்த்த பிறகே விற்பனைக்கு வைக்க வேண்டும்.

எந்த அச்சு என்பதும் ஊரைப் பொறுத்தது. டிடிஜி என்பது மையை நேரடியாகத் துணியில் தெளிப்பது; பருத்தியோடு மை ஒன்றிவிடும், நிழல் வேறுபாடுகள் நன்றாக வரும். டிடிஎஃப் என்பது படலத்தில் அச்சடித்துச் சூட்டில் ஒட்டுவது. விலை மலிவு, நிறம் பளிச்சென்று நிற்கும், எந்தத் துணியிலும் ஒட்டும். ஆனால் மார்பை அடைத்துக்கொண்டு ஓரடிச் சதுரத்தில் டிடிஎஃப் படம் போட்டால், உப்புக் காற்றும் வியர்வையும் உள்ள மண்டபத்திலும் பாம்பனிலும் நெஞ்சில் பிளாஸ்டிக் தாளைக் கட்டிக்கொண்டது போல் இருக்கும். காற்று நுழையும்படி இடைவெளி விட்ட கோட்டோவியம், சிறிய மார்புச் சின்னம், 180 ஜிஎஸ்எம் பருத்தி. இந்தக் கரைக்கு இதுதான் உகந்தது. சப்ளிமேஷன் அச்சு பாலியெஸ்டரில்தான் பிடிக்கும். விளையாட்டுக் குழுக்களுக்குச் சரி, மற்றவர்களுக்கு மே மாதத்தில் அது ஒரு தண்டனை.

இப்போது அந்தக் கணக்கின் மறுபக்கம். பத்து டிசைன்களை இணையச் சேவையில் ஏற்றி, தெரிந்தவர்கள் மூலமாகவும் ஊர்க் குழுக்கள் வழியாகவும் சில மாதம் ஓடவிட்டால், எந்த இரண்டு விற்கின்றன என்பது தெரிந்துவிடும். இந்தத் தகவல்தான் இந்தச் சேவை தரும் உண்மையான லாபம். தெரிந்ததும் அந்த இரண்டை மட்டும் திருப்பூரில் ஸ்கிரீன் அச்சில் நூறு நூறாக அடிக்க வேண்டும். ஸ்கிரீன் அச்சில் ஒரு நிறத்துக்கு ஒரு சட்டம் தயாரிக்கும் செலவு முதலிலேயே வந்துவிடும். ஆகவே ஒன்றிரண்டுக்கு அது கட்டாது, நூறுக்குக் கட்டும். உதாரணமாகச் சட்டை வந்து சேர 165 ரூபாய் ஆகிறது, ராமேஸ்வரம் கடையில் 350-க்கு விற்கிறது, கடைக்காரர் 100 எடுத்துக்கொள்கிறார் என்று வைப்போம். ஒரு சட்டைக்கு 250 ரூபாய் உங்களுக்கு வரும். நூறு சட்டைக்குப் போட்ட 16,500 ரூபாய், 66 சட்டை விற்றதும் திரும்பிவிடும். மீதி 34-உம் லாபம். தேங்கிவிட்டால் என்ன செய்வது என்றால், தேங்காது என்று தெரிந்த டிசைனை மட்டுமே அடிப்பதற்காகத்தான் முன்னால் அந்தச் சோதனை. இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் தரும் திருப்பூர், ராமநாதபுரத்திலிருந்து ஓரிரவுப் பார்சல் தூரத்தில் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது உள்நாட்டு ஆர்டரின் அருமை அங்கே பலருக்கும் புரிந்தது. சின்ன ஆர்டர் என்று முகம் சுளிக்காதவர்கள் இப்போது கிடைப்பார்கள்.

சட்ட விஷயத்தில் அலட்சியம் கூடாது. அமேசான், ஃபிளிப்கார்ட் போன்ற தளங்கள் வழியே விற்பவருக்கு முன்பு விற்பனை எவ்வளவு குறைவானாலும் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். 2023 அக்டோபர் 1 முதல், ஜிஎஸ்டிக்கான ஆண்டு விற்பனை வரம்புக்குள் நிற்பவர்கள் தங்கள் மாநிலத்துக்குள் மட்டும் விற்றால், பான் எண்ணை வைத்து ஒரு பதிவெண் பெற்றுக்கொண்டாலே போதும். கேரளத்துக்கு ஒரு சட்டை அனுப்பினாலும் முழுப் பதிவு தேவைப்படும். படங்களைப் பொறுத்தவரை, ஒரு கட்டடத்தைப் பார்த்து வரைவதும் அதை வெளியிடுவதும் காப்புரிமை மீறல் ஆகாது என்று 1957-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. ஆனால் இன்னொருவர் எடுத்த பாம்பன் பாலப் புகைப்படத்தை இணையத்திலிருந்து எடுத்து அச்சடிப்பது திருட்டு. நடிகர்கள் விஷயம் இன்னும் கறார். பரமக்குடியில் பிறந்த கமல்ஹாசன், தன் பெயரையும் படத்தையும் அனுமதியின்றிப் போட்டு டி-ஷர்ட் விற்பதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், 2026 ஜனவரியில் இடைக்காலத் தடை பெற்றார். எங்கள் மாவட்டத்துக்காரர் என்ற உரிமை அங்கே செல்லாது. அப்துல் கலாம் இந்த ஊரின் பெருமை என்பதால் அவர் படம் பொதுச்சொத்து என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் படத்தை எடுத்தவருக்கு உரிமை இருக்கும். மேலும் கலாம் சொன்னதாகச் சுற்றும் பொன்மொழிகளில் அவர் சொல்லாதவை ஏராளம். அவருடைய சொந்த ஊரிலிருந்தே அப்படியொரு வாசகம் சட்டையேறிப் போவது அவமானம்.

இதோடு சேர்ந்த இன்னோர் ஆட்சேபம் கனமானது. 1964 டிசம்பர் 22 இரவு புயலில் பயணிகளோடு ரயிலே அடித்துக்கொண்டு போன ஊர் தனுஷ்கோடி. அங்கே இடிந்து நிற்கும் தேவாலயத்தைச் சட்டையில் போட்டு விற்பது மரணத்தை விற்பதாகாதா? ஆகலாம், போடுகிற விதத்தைப் பொறுத்து. பேய் நகரம் என்று மண்டையோட்டோடு போடுவதை இங்குள்ள குடும்பத்தினர் மன்னிக்க மாட்டார்கள், மன்னிக்கவும் கூடாது. அந்த ஊர் உயிரோடு இருந்த காலத்தின் ரயில் நிலையத்தையும், தலைமன்னாருக்குக் கப்பல் போன துறையையும் வரைந்தால் அது வேறு. சுவாமி உருவங்களை என் கருத்தில் விட்டுவிடுவதே நல்லது. சட்டையைக் கல்லில் அடித்துத் துவைப்பார்கள், காலடியில் போடுவார்கள், பழையதானால் கரித்துணியாக்குவார்கள். வாங்கும் பக்தருக்கே பிறகு சங்கடம். மூன்றாம் பிரகாரத் தூண் வரிசையைக் கோடுகளாக வரைந்தால் கோயிலும் வந்துவிடும், அந்தத் தொல்லையும் இல்லை.

டிசைனைத் திருடிவிடுவார்களே என்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு: ஆம், திருடுவார்கள். ஒரு சட்டையை மாதக்கணக்கில் நம்பியிருப்பவருக்கு அது பேரிழப்பு. புதிது புதிதாக வரைந்துகொண்டே இருப்பவருக்கும், கடைத்தெருவில் தன் பெயருக்கு ஒரு மதிப்பைச் சேர்த்துக்கொண்டவருக்கும் அது எரிச்சல், அவ்வளவே. கடையின் பெயரையும் சின்னத்தையும் வணிகக் குறியீடாகப் பதிந்து வைத்தால் அந்தப் பெயரிலேயே போலி போடுவதைத் தடுக்கலாம்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் இந்தக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. பள்ளி விடுமுறையில் வெளியூர்க் கூட்டம் ராமேஸ்வரத்தில் பெருகுவதும் அதே நாட்களில்தான். கடற்கரைக் குடும்பங்களில் நன்றாக வரையத் தெரிந்த ஒரு பிள்ளை இல்லாமலா போகும்? அப்படிப் பிள்ளை உள்ளவர்கள் ஜனவரியிலேயே டிசைன்களை ஏற்றிச் சோதிக்கத் தொடங்கினால், மார்ச் கடைசிக்குள் திருப்பூரிலிருந்து சரக்கு இறங்கிவிடும். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கைப்பேசியில் மாதிரிப் படத்தை வைத்துக்கொண்டு கோயில் தெருவிலுள்ள சங்குக் கடைக்காரர்களிடம் போங்கள். எதை வாங்குவார்கள், எதைத் திருப்பிப் பார்க்காமல் போவார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு எந்த இணையதளத்துக்கும் தெரியாது. அச்சு நிறுவனத்தில் கணக்குத் திறப்பதை அதற்கு அடுத்த நாள் வைத்துக்கொள்ளலாம்.